லைன்ல இருங்க

"எத்தனை நாள்?"

கேட்டுவிட்டாள். கேட்ட மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பயன்? வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது.

வாசலில் நின்றவரின் தோளில் கித்தான் மூட்டை, கையில் இரும்புப் பெட்டி. இருபத்தாறு வருஷம் ராணுவத்தில் வயர்லெஸ் கருவியோடு மல்லுக்கட்டிவிட்டு, ஓய்வு பெற்று, இனிமேல் திரும்பிப் போகவே வேண்டாம் என்ற உத்தரவோடு வந்து இறங்கியிருக்கிறார் மனுஷன். அவரிடம் போய் இந்தக் கேள்வி. கல்யாணமான நாள் முதல் அவர் லீவில் வரும்போதெல்லாம் இவள் முதலில் கேட்பது அதுதான். எத்தனை நாள் என்று தெரிந்தால்தான் கடையில் எத்தனை வேலையை ஒப்புக்கொள்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று கணக்கு வரும். இந்தத் தடவை கேட்டது மனசு இல்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ஒரு மாசம்," என்றார் அவரும், அதே பழக்க தோஷத்தில்.

உள்ளேயிருந்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சரியான ஜோடிதான் போங்க! அம்மா, அப்பா ரிட்டையர் ஆயிட்டு வந்திருக்கார். அப்பா, ஒரு மாசமாம்ல, ஒரு மாசம்!"

அவர்களும் சிரித்தார்கள். ஆனால் மூன்று சிரிப்பில் ஒன்றுதான் அசல். அவர் பெட்டியைக் கதவுக்குப் பின்னால் வைத்தார். லீவில் வந்தால் எங்கே வைப்பாரோ அங்கே. கைக்கு எட்டுகிற இடத்தில், புறப்படத் தோதாக.

*

வீடு மாடியில். கீழே கடை. பை, பெட்டி, சூட்கேஸ் எது கிழிந்தாலும் உடைந்தாலும் அந்தத் தெருவில் எல்லோரும் ஏறுகிற படி அதுதான். தெருவுக்கு அவள் பைக்கடையம்மா. அவர் மிலிட்டரி.

கடை என்றால் பிரமாதமாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். கனமான தையல் மெஷின் ஒன்று, ரெக்சின் சுருள்கள், மெழுகு தடவிய நூல்கண்டுகள், சூட்கேஸ் சக்கரங்கள் நிரம்பிய பெயின்ட் வாளி. சுவர் பலகையில் பழைய ஊறுகாய் பாட்டில்கள். உள்ளே ஜிப்பை இழுக்கிற ரன்னர்கள். பித்தளை, கறுப்பு, பல் தேய்ந்தது, தேயாதது எல்லாம் ஒரே கும்பலாகக் கிடக்கும். பார்க்கிறவர்களுக்குக் குப்பை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டால் வேண்டியது விரலில் வந்து ஒட்டும்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. நனைந்த ஜிப் துருப்பிடிக்கும், நனைந்த பையில் ஒட்டுப் பிரியும். அவளுக்கு மூச்சு விட நேரமில்லாத மாதம்.

அதன் நடுவே லீவுச் சமையல் வேறு. அவர் வருகிறார் என்றால் தினம் முட்டை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கறி, படுக்கைக்குச் சலவை விரிப்பு, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. ஒரு மாத லீவுக்குத் தாங்கும். ஆயுசுக்குத் தாங்குமா? நிறுத்தவும் மனசில்லை. நிறுத்தினால் என்ன நினைத்துக்கொள்வாரோ?

அவரும் லேசுப்பட்ட ஆளா? சொந்த வீட்டில் விருந்தாளியாக இருப்பது எப்படி என்று பாடமே நடத்தலாம். "குளிக்கப் போகலாமா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார். தண்ணீர் குடித்த டம்ளரைக் கழுவி, துடைத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டில் உப்பு கூடினாலும் "நல்லாருக்கு", குறைந்தாலும் "நல்லாருக்கு".

ஒரு நாள் அவள் வங்கிக்குப் போய்த் திரும்புவதற்குள் உதவி செய்கிறேன் என்று கடையில் இறங்கிவிட்டார். பாட்டில்களைக் கவிழ்த்து, ரன்னர்களை அளவு வாரியாக, உலோகம் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பாட்டிலிலும் சீட்டு ஒட்டி, அணிவகுப்பு மாதிரி நிறுத்திவைத்திருந்தார்.

அவளுக்குப் பகீரென்றது. வேறு யாராவது செய்திருந்தால் தெருமுனை வரை கேட்கிற மாதிரி கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள்.

"நல்லாருக்குங்க," என்றாள்.

மத்தியானம் அவர் கண் அசந்த நேரத்தில் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கொட்டி, பழையபடி கலந்துவைத்தாள். சாயங்காலம் அவர் கடைக்குள் வந்தார், பலகையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போனார்.

அதுதான் விஷயம். ஒன்றும் சொல்லாமல்.

இந்த மௌனத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அவர்கள் குடும்பம் நடத்தியதே போனில்தான். ஆரம்ப வருஷங்களில் அவர் இருந்தது மலை உச்சிக் காவல் முகாம்களில். இங்கே பேசுவது அங்கே போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் பிடிக்கும். பதில் திரும்ப இன்னொரு மூச்சு. இருவரும் சேர்ந்து பேசினால் வார்த்தைகள் நடுவழியில் முட்டி மோதி ஒன்றும் கேட்காது. வயர்லெஸ்காரர் அல்லவா, அவர்தான் வழி சொல்லிக்கொடுத்தார். "நீ சொல்ல வேண்டியத முழுசா சொல்லிட்டு, கடைசில 'சொல்லுங்க'ன்னு சொல்லு. அப்புறம் நான் ஆரம்பிப்பேன். நான் முடிச்சுட்டு 'சொல்லு'ன்னா, நீ ஆரம்பி." அப்படித்தான் பிள்ளை பெற்றதைச் சொன்னாள், கடை போட்டதைச் சொன்னாள், அழுதாள், சண்டை போட்டாள், சமாதானமானாள். பிற்பாடு போன் நன்றாகிவிட்டது. பழக்கம் போகவில்லை.

இப்போது எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவர் பேசட்டும் என்று இவள் காத்திருக்கிறாள். இவள் ஆரம்பிக்கட்டும் என்று அவர் காத்திருக்கிறார். கையில் போன் இல்லாததால் 'சொல்லு' என்று சொல்ல இருவருக்குமே தோன்றவில்லை.

*

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் அன்று காலை கிளம்புகிற அவசரத்தில், ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் சீப்புமாகக் கடைக்குள் வந்தாள். மாடிப்படியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, அப்பா வேலைக்குப் போகப் போறார்."

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. "எங்கடி?"

"அவர்கூட இருந்தாரே ஒரு ஹவில்தார், பெரிய மீசை வெச்சுக்கிட்டு... அவர் ஏதோ ஃபேக்டரில செக்யூரிட்டி ஆஃபீசராம். அப்பாவையும் அங்க வேலைக்குக் கூப்பிடறாராம். ஒரு நாள் முழுக்க ரயில்ல போகணுமாம். தங்க எடம், சாப்பாடு எல்லாம் அங்கேயே. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள வரேன், வரலைன்னு சொல்லணுமாம்."

"அவரே சொன்னாரா உன்கிட்ட?"

"போன்ல பேசிட்டிருந்தார், கேட்டேன். கேட்டா சொல்றார். நீதான் கேக்க மாட்டேங்கறியே!"

"போகணும்னு அவருக்கு இருந்தா நான் என்னடி பண்றது?"

"போகணும்னு அவருக்கு இருக்குன்னு உனக்கு யார் சொன்னா? என்கிட்ட என்ன கேட்டார் தெரியுமா? 'ஒரு மாசம் ஆகப்போகுதே, உங்கம்மாவுக்குக் கஷ்டமா இருக்குமோ'ங்கறார். எனக்கு அழுறதா சிரிக்கறதான்னு தெரியல."

அவள் கையிலிருந்த பையைத் திருப்பிப் போட்டாள். மறுபடி திருப்பினாள்.

"பெட்டிகூட இன்னும் கதவுக்குப் பின்னாடியே நிக்குது பாத்தியா?" என்றாள் மகள். "போகாதீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை. வாயத் தொறந்து சொல்லும்மா. கடைக்கு வரவங்ககிட்ட மட்டும் என்னமா வாய் பேசறே!"

"அவங்க கஸ்டமர்டி."

"இவர் புருஷன்!" என்று சொல்லிவிட்டு, ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடினாள் மகள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் மத்தியானச் சாப்பாட்டுக்கு மாடியேறினாள். சாதம் போட்டாள், பருப்பு ஊற்றினாள், முட்டையை இரண்டாக வெட்டி வைத்தாள். அவர் சாப்பிட்டார். தொண்டை வரை வந்தது.

"இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?" என்று வெளியே வந்து விழுந்தது.

"போதும். நல்லாருக்கு," என்றார். கை கழுவினார். சட்டை மாட்டினார். "கொஞ்சம் நடந்துட்டு வரேன்," என்று படியிறங்கினார். கடை வாசலில் மாட்டியிருந்த குடையைத் தொடவில்லை.

*

நாலு மணிக்கு வானம் ஒரேயடியாக இடிந்து விழுந்தது. கடை முகப்புத் தகரத்தில் மழை கொட்டிய சத்தத்தில் தன் மெஷின் சத்தமே அவளுக்குக் கேட்கவில்லை. தெரு ஓடையாகி, செருப்பு ஒன்று தனியாக மிதந்து போயிற்று. எதிர்ச்சாரியில் டீக்கடை. அங்கே மழைக்கு ஒதுங்கிய கும்பலில் தூணை ஒட்டி ஒரு நிமிர்ந்த முதுகு. அந்த முதுகை எங்கே பார்த்தாலும் தெரியும்.

போன் அடித்தது.

தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள். "சொல்லுங்க."

"மழை."

"தெரியுது."

"எதிர்லதான் நிக்கறேன்."

"அதுவும் தெரியுது. தூண்கிட்ட சாரல் அடிக்குது, உள்ள நகருங்க. சொல்லுங்க."

முதுகு இரண்டடி உள்ளே நகர்ந்தது. "நகந்துட்டேன். சொல்லு."

அந்த 'சொல்லு' காதில் விழுந்ததும் எங்கோ ஒரு அடைப்பு விட்டது. "குடைய எடுத்துட்டுப் போறதுக்கென்ன? கண்ணு முன்னாடிதான மாட்டியிருக்கு? சொல்லுங்க."

"யாரோ ரிப்பேருக்குக் குடுத்ததுன்னு நெனச்சேன்."

"பைக்கடைல எவன் குடைய ரிப்பேருக்குக் குடுப்பான்? அது உங்க குடைங்க. நீங்க வரதுக்கு முந்தின வாரம் வாங்கினேன்."

"எனக்கா? இத்தன வருஷத்துல எனக்குன்னு நீ குடை வாங்கினதே இல்லையே."

"லீவுல வரவருக்கு யாராவது குடை வாங்குவாங்களா?"

எதிர்ப்பக்கம் கிளாஸ் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு, "டீ குடிக்கறேன்," என்றார்.

"எப்படி இருக்கு?"

"சக்கரைத் தண்ணி. உன் டீ இதவிட மோசம்."

ஊசி வழுக்கியது. "என்னது?"

"வந்ததுலேர்ந்து சொல்லணும்னு பாக்கறேன். நீ தூளக் கொதிக்க விடறதே இல்ல. காட்டிட்டு எடுத்துடறே."

"தினம் நல்லாருக்கு நல்லாருக்குன்னு குடிச்சீங்களே!"

"வந்த எடத்துல குறை சொல்லலாமா?"

"நல்லாருக்கே கதை! இது வந்த எடமா உங்களுக்கு? குளிக்கப் போறதுக்கு என்கிட்ட பர்மிஷன் கேக்கறீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க வந்தா எழுந்து நின்னு அவங்களுக்கு நாற்காலி குடுத்துட்டு நீங்க போய் வாசப்படில உக்காந்துக்கறீங்க. சொல்லுங்க."

"நீ மட்டும் என்ன? ரன்னரயெல்லாம் பழையபடி கொட்டி வெச்சுட்டே. எனக்குத் தெரியாதா?"

"உங்க வரிசைல தேடினா எனக்கு வேலை ஓடாதுங்க."

"அப்பவே சொல்றதுக்கென்ன? நல்லாருக்குங்கன்னியே."

"எப்படித் திட்டறதுன்னு விட்டுட்டேன்."

"போன்ல மட்டும் எப்படித் திட்டுவே! ஒரு தடவ நீ திட்டினது பக்கத்துல இருந்தவனுக்கெல்லாம் கேட்டு, கேம்ப் முழுக்க ஒரு வாரம் சிரிச்சானுங்க." அவர் குரலில் சிரிப்பு ஏறியது. டீக்கடைக்காரர் ஏதோ கேட்க, "வீட்லதான்... ஆமா, எதிர் வீடுதான். பேசக்கூடாதா?" என்றது போனில் விழுந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் நாலைந்து தலைகள் இவள் கடையைத் திரும்பிப் பார்த்தன.

அவள் முகத்தை மெஷினுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சின்னப் பெண் மாதிரி வெட்கம் வந்தது. இந்த வயதில், இந்த மழையில், ஒரு பொத்தல் பையை மடியில் வைத்துக்கொண்டு!

"இங்க பாரு," என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. "ஹவில்தார் ஒரு வேலை சொல்றான். ரொம்ப தூரம். வருஷத்துல ஒரு தடவதான் லீவு. அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். எனக்கு ஒண்ணும் ஓடல. நீ இத்தன வருஷமா தனியா, உன் இஷ்டப்படி நிம்மதியா இருந்துட்டே. நான் நடுவுல வந்து உக்காந்து..." நிறுத்தினார். "போகட்டுமா, வேணாமா? நீ சொன்னா சரி. சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள்.

சொட்டச் சொட்ட நனைந்து, ஒரு பெரிய நீலச் சூட்கேஸை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அடுத்த தெரு டீச்சரம்மா கடைக்குள் பாய்ந்தார். "பைக்கடையம்மா! செத்தேன் நான்! ஆறு மணிக்கு எனக்கு பஸ், ஜிப் பப்பரப்பேன்னு பிளந்துக்குச்சு!"

"இருங்க," என்றாள் போனில். சொல்லிவிட்டுப் போனை ரெக்சின் சுருள் மேல் கவிழ்த்துவைத்தாள்.

ஜிப்பின் இரண்டு பக்கப் பற்களும் ஒன்றையொன்று பார்க்காமல் முறுக்கிக்கொண்டு நின்றன. ரன்னர் போய்விட்டது.

"ராத்திரியே கொண்டுவந்திருக்கலாம்ல டீச்சர்?"

"ராத்திரி நல்லாத்தான்மா இருந்துச்சு. காலைல ஒரு புடவை கூட வெச்சேன்."

"ஒரு புடவையா? உள்ள கல்லு கில்லு வெச்சிருக்கீங்களா?"

"நாலு ஊறுகா பாட்டிலும்."

பாட்டிலுக்குள் கையை விட்டாள். எடுத்தது சின்னது. மறுபடி விட்டாள். அதுவும் சின்னது. கண்ணை மூடினாலே வந்து ஒட்டுகிற விரலுக்கு இன்று என்ன கேடு? மூன்றாவது தடவை சிக்கியது. மாட்டி, குறட்டால் அமுக்கி, நிமிர்ந்து, போனை எடுத்தாள்.

"என்னங்க..."

லைன் இல்லை.

எதிரே பார்த்தாள். அவர் காதில் போன். ஆனால் பேசுவது இவளிடமில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கூப்பிட்டாள். நீங்கள் அழைக்கும் எண் வேறொரு அழைப்பில் உள்ளது. மறுபடி. வேறொரு அழைப்பில். 'போகட்டுமா வேணாமா' என்று ஒரு மனுஷன் கேட்டிருக்கிறார். இவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊறுகாய் பாட்டில் விசாரித்திருக்கிறாள்! எத்தனை நேரம் காத்திருந்தாரோ. பதில் வராததே பதில் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

"அம்மா, இந்தப் பக்கம் இன்னும் பிளந்துதான் இருக்கு," என்றார் டீச்சரம்மா.

கத்தலாமா? இந்த மழையில் எதிர்ச்சாரிக்கு எங்கே கேட்கப்போகிறது? இறங்கி ஓடிவிடுவது என்று எழுந்தாள். செருப்பைத் தேடிய காலுக்கு ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. அதற்குள் அவரே போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். முழங்கால் தண்ணீரில், ஒரு சைக்கிளுக்கு வழி விட்டு, நிமிர்ந்த முதுகு கொஞ்சமும் வளையாமல் நடந்து வந்து, கடைப்படியில் ஏறி நின்றார்.

"சொல்லிட்டேன்," என்றார்.

"என்னன்னு?" என்றாள்.

"வரலைன்னு. மீசைக்காரனுக்குக் கோவம். பொண்டாட்டி பேச்சக் கேட்டு ஆடறியான்னான். ஆமாடா, அதுக்கென்ன இப்போன்னேன்." முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "கேட்டதும் பட்டுன்னு சொல்லிட்டியே, இருங்கன்னு. எனக்கு அது போதும்."

அவள் டீச்சரம்மாவைப் பார்த்தாள். டீச்சரம்மா சூட்கேஸைப் பார்த்தார்.

அப்படியே விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? நினைத்தது நடந்துவிட்டது, கேட்டவர் சந்தோஷமாக நிற்கிறார். ஆனால், ஜிப் பிளந்து வந்தவருக்காகச் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டா மிச்ச வாழ்க்கையை ஓட்டுவது? இவருக்கென்று தன் வாயால் ஒன்றுமே சொல்லாமல்?

"நான் அந்த 'இருங்க' சொல்லலீங்க," என்றாள். "டீச்சர் வந்தாங்க. லைன்ல இருங்கன்னு சொன்னேன்."

அவர் சிரிப்பு எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே அணைந்தது. பிறகு, சொந்த வீட்டில் டம்ளர் வைக்க இடம் தேடுகிற அதே மரியாதையோடு, கையைச் சட்டைக்குள் விட்டுப் போனை எடுத்தார்.

"பரவால்ல. இன்னும் அஞ்சு ஆகல. கூப்பிட்டு வரேன்னு..."

எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மெஷின் மேலிருந்த சூட்கேஸ் புடவைகளோடு தரையில் சரிய, போனைப் பிடுங்கிவிட்டாள்.

"கூப்பிட்டுத்தான் பாருங்களேன்! கைய ஒடிச்சு அடுப்புல வெச்சிடுவேன்! லைன்ல இருந்தது போதாதா? வீட்ல இருங்கன்னு சொல்லணும்னு காலைலேர்ந்து தவிச்சிட்டிருக்கேன், சாதம் போடட்டுமான்னு வருது வாய்ல. நான் என்ன பண்ணட்டும்? நீங்க பாட்டுக்கு..."

"அப்போ அன்னைக்கு எறங்கினதும் எத்தன நாள்னு..."

"அது பழக்கத்துல வந்ததுங்க! நீங்களும்தான் ஒரு மாசம்னீங்க!"

"நீ கேட்டே, நான் சொன்னேன், உடனே நீ மறுத்துச் சொல்லுவேன்னு பாத்தேன்..."

"நீங்க சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன், அப்புறம் பெட்டியக் கொண்டு போய்க் கதவுக்குப் பின்னாடி..."

"வேற எங்க வெக்கறதுன்னு யாராவது காட்டினீங்களா..."

"காட்டணுமா? உங்க வீடுதான அது? அய்யோ, மொதல்ல அங்கேர்ந்து தள்ளி நில்லுங்க, மழைத் தண்ணியெல்லாம் டீச்சர் புடவைலயே சொட்டுது!"

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன், பெட்டி சாஞ்சு கெடக்கு, தூக்கறதா வேணாமான்னு..."

"கேக்காதீங்க, தூக்குங்க!"

டீச்சரம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "ஒருத்தர் முடிச்சப்புறம் ஒருத்தர் பேசுங்களேன். ரெண்டு பேரும் சேந்து பேசினா யாருக்கு என்ன கேக்கும்?"

அவர் காதில் அது விழவில்லை. சூட்கேஸைத் தூக்கி நிறுத்தி, மூடிமேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, முழு பலத்தோடு அழுத்தினார். அழுத்தியபடியே, தூளை எவ்வளவு நேரம் கொதிக்கவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ரன்னரைப் பிடித்து முனையிலிருந்து முனைக்கு இழுத்தபடி, நாளையிலிருந்து டீயை அவரே போட்டுக்கொள்ளட்டும் என்றும், முட்டையெல்லாம் இனி வாரத்துக்கு ஒன்றுதான் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜிப் மூடிக்கொண்டது. டீச்சரம்மா எவ்வளவு தர வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார்.